பிட்சருக்குப் பட்டம், கேட்சருக்கு ஓரத்தில் ஒரு வரி

டிஸ்ட்ரிக்ட் பட்டியல் வந்தாயிற்று. டெக்சாஸில் எங்கள் வட்டாரப் பள்ளி பேஸ்பால் கோச்சுகள் கூடி, ஓட்டுப் போட்டு, சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் விருதுப் பட்டியலைச் சொல்கிறேன். எல்லாரும் பகிர்ந்து வாழ்த்தியும் முடித்துவிட்டீர்கள். நான் பேசாமல்தான் இருந்தேன். "கேட்சருக்கும் ஹானரபிள் மென்ஷன் கிடைச்சிருக்கே, அப்புறம் என்ன வருத்தம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். பிட்சர் பந்தை எறிபவன், கேட்சர் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்து அதை வாங்குபவன். ஹானரபிள் மென்ஷன் என்பது ஃபர்ஸ்ட் டீம், செகண்ட் டீம் இரண்டிலும் இடம் பெறாதவர்களுக்கான ஆறுதல் வரி. வருத்தம்தான். பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியின் பிட்சர் 'பிட்சர் ஆஃப் தி இயர்'. ஃபீல்டர்களில் ஷார்ட்ஸ்டாப்பும் சென்டர் ஃபீல்டரும் ஃபர்ஸ்ட் டீம். மூன்று பேருமே தகுதியான பையன்கள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் பிட்சர் போட்ட பந்துகளை பிப்ரவரியிலிருந்து மே வரை மண்ணில் முழங்கால் போட்டு வாங்கிய பையன் ஃபர்ஸ்ட் டீமிலும் இல்லை, செகண்ட் டீமிலும் இல்லை. பட்டியலின் அடியில், பொடி எழுத்தில், இருபது பெயர்களுக்கு நடுவே ஒரு பெயராக நிற்கிறான். பிட்சருக்குப் பட்டம் கொடுத்த அதே கூட்டத்தில்தான் இதுவும் நடந்திருக்கிறது.

ஸ்கோர்புக் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பட்டத்தில் பாதி கேட்சருடையது. இதைப் பாசத்தில் சொல்லவில்லை, கணக்கு எழுதும் விதியே அப்படித்தான் இருக்கிறது.

பிட்சருக்கு ஓட்டு விழுந்தது ஈ.ஆர்.ஏ.யைப் பார்த்து, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ஏர்ன்ட் ரன் கொடுத்தான் என்ற எண்ணைப் பார்த்து. உயர்நிலைப் பள்ளியில் ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். அதனால் ஏர்ன்ட் ரன்னை ஏழால் பெருக்கி, போட்ட இன்னிங்ஸால் வகுக்கிறோம். 42 இன்னிங்ஸில் 9 ரன் கொடுத்தவனுக்கு 1.50. சரி, எது ஏர்ன்ட் ரன், அதாவது பிட்சரின் பொறுப்பில் எழுதும் ரன்? மூன்றாம் பேஸில் ஆள் நிற்கிறான். வளைபந்து, பேட்ஸ்மேன் நிற்கும் பிளேட்டுக்கு முன்னால் மண்ணில் விழுந்து, கேட்சரைத் தாண்டி பின்வேலிக்கு ஓடுகிறது. ஆள் பிளேட்டுக்கு ஓடி வந்து ரன் எடுத்துவிடுகிறான். பந்து மண்ணில் பட்டு வந்ததால் அது வைல்ட் பிட்ச். வைல்ட் பிட்சில் வந்த ரன் பிட்சரின் கணக்கில்தான் ஏறும். நெஞ்சுக்கு நேராக வந்த பந்தைக் கேட்சர் விட்டால் அது பாஸ்ட் பால், அந்த ரன் ஏர்ன்ட் ரன் ஆகாது. ஆக, மண்ணில் விழும் ஒவ்வொரு பந்தையும் கேட்சர் உடம்பால் நிறுத்தும்போது பிட்சரின் ஈ.ஆர்.ஏ. ஏறாமல் காப்பாற்றப்படுகிறது. நிறுத்தியவன் பெயரில் ஏதாவது பதிவாகிறதா? ஒன்றும் இல்லை. நழுவினால் எழுத ஸ்கோர்புக்கில் இடம் உண்டு, நிறுத்தினால் எழுத இடமில்லை.

அந்த நிறுத்தலும் லேசான வேலை கிடையாது. மண்ணில் விழும் பந்தைப் பிடிக்கப் போகக்கூடாது, அதுதான் முதல் பாடம். கை முன்னே போனால் பந்து கைக்கு அடியில் புகுந்துவிடும். இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் மண்ணில் விழ வேண்டும். கையுறை கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைக்க வேண்டும், வெறுங்கை அதற்குப் பின்னால் ஒளிய வேண்டும். தோளை முன்னே குவித்து, முகவாயை நெஞ்சில் புதைத்து, மூச்சை வெளியே விட வேண்டும். உடம்பு விறைத்திருந்தால் பந்து பத்தடி தெறித்துப் போகும், தளர்ந்திருந்தால் காலடியிலேயே செத்து விழும். சுழன்று வரும் பந்து தரையில் பட்டதும் பக்கவாட்டில் தாவும். அதனால் நேராக விழாமல் பந்துக்கு வெளிப்பக்கம் நகர்ந்து, நெஞ்சைப் பிளேட்டின் பக்கம் திருப்பிக்கொண்டு விழ வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினம் முகத்தைத் திருப்பாமல் இருப்பது. திருப்பினால் மாஸ்க் மறைக்காத கழுத்து பந்துக்குக் காட்டப்படும். வேகமான பந்து தரையிலிருந்து எகிறி வரும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க ஒரு பதினேழு வயதுப் பையன் பழகியிருக்கிறான். இதற்கு ஹானரபிள் மென்ஷனா?

இன்னும் ஒன்று. 0-2 என்ற நிலையில், அதாவது இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்ஸ்மேன் அவுட் என்னும்போது, மூன்றாம் பேஸில் ஆள் நிற்க, வளைபந்தை மண்ணில் போட்டு பேட்ஸ்மேனை மட்டை வீசவைக்கப் பிட்சருக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? பின்னால் இருப்பவன் நிறுத்துவான் என்ற நம்பிக்கையிலிருந்து. நம்பிக்கை இல்லாத அணியில் அந்த நேரத்தில் நேர்ப்பந்துதான் கேட்பார்கள், பேட்ஸ்மேன் அதற்காகவே காத்திருப்பான். நம் பிட்சரின் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்கியது) எண்ணிக்கையைப் பாராட்டியவர்கள், அதில் எத்தனை மண்ணில் விழுந்த மூன்றாவது ஸ்ட்ரைக் என்று கேட்டார்களா? முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, மண்ணில் பட்ட அந்தப் பந்துக்குப் பேட்ஸ்மேன் முதல் பேஸுக்கு ஓடலாம். கேட்சர் நிறுத்தி, எடுத்து, பந்தால் அவனைத் தொட்டாலோ, ஓடுகிறவன் முதுகில் படாமல் முதல் பேஸுக்கு எறிந்தாலோதான் அந்த அவுட் அவுட்.

"எண் பொய் சொல்லாது" என்கிறீர்கள். எந்த எண்? ஃபீல்டிங் சதவீதமா? கேட்சருக்கு அதைப்போலப் பயனற்ற எண் வேறில்லை. பிட்சர் எடுக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் கேட்சர் பெயரில் ஒரு புட்அவுட் (அவுட்டாக்கியதற்கான புள்ளி) ஏறும். வைல்ட் பிட்சோ பாஸ்ட் பாலோ எரராக (ஃபீல்டரின் பிழையாக) கணக்கில் வராது. அதனால் மோசமான கேட்சருக்கும் .990 வரும், நல்லவனுக்கும் .990 வரும். கிரிக்கெட்டில் கீப்பர் விட்டதற்கு பை என்று தனிக் கணக்காவது இருக்கிறது.

பேட்டிங் ஆவரேஜா? ஃபர்ஸ்ட் டீமுக்குத் தேர்வான கேட்சரின் ஆவரேஜ் நம் பையனைவிட அதிகம், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையன் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மட்டை. ஆனால் ஆவரேஜ் என்பது ஹிட்டை அட்-பேட்டால் (மட்டை பிடிக்கும் வாய்ப்பால்) வகுத்த எண். பள்ளி சீசனில் ஒருவனுக்கு 80 அட்-பேட் கிடைத்தால் .400 என்பது 32 ஹிட், .325 என்பது 26 ஹிட். பிப்ரவரி முதல் மே வரை நடந்த முழுச் சீசனில் ஆறே ஹிட் வித்தியாசம். அந்த ஆறில் எத்தனை, உள்ளூர் ஸ்கோரர் எரர் என்று போட வேண்டியதை ஹிட் என்று போட்டது? 'சாதாரண முயற்சியில் பிடித்திருக்கலாமா' என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்வது ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் ஆடும் பையன் ஒருவனின் அப்பாவோ அம்மாவோ. நான்கு தரைப்பந்துகளை மாற்றி எழுதினால் .400 ஆள் .350 ஆகிவிடுவான். இந்த மெல்லிய நூலில் கட்டித்தான் ஃபர்ஸ்ட் டீம், செகண்ட் டீம் என்று பிரிக்கிறோம்.

ரன்னும் ஸ்டீலும் (பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதும்) நம் பையனுக்குக் குறைவாக இருக்கிறதாம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கர்ட்டஸி ரன்னர் என்று ஒரு விதி இருப்பது ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியாதா? கேட்சர் பேஸுக்குப் போனதும் கோச் அவனை வெளியே எடுத்து வேறொரு பையனை ஓடவிடலாம். கேட்சர் அந்த நேரத்தில் கால்கவசங்களையும் நெஞ்சுக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு அடுத்த இன்னிங்ஸுக்குத் தயாராவான், ஆட்டம் தாமதிக்காது. நம் கோச் அந்த விதியைத் தவறாமல் பயன்படுத்துகிறார், அது சரியான முடிவும்கூட. நம் பையன் ஒரே அடியில் இரண்டாம் பேஸ் போய் நிற்பான், வேறொருவன் உள்ளே வந்து ஓடுவான், ரன் அந்த வேறொருவன் பெயரில் ஏறும். அணிக்காக வெளியே வந்ததையே அவனுக்கு எதிரான எண்ணாக மாற்றிவிட்டார்கள்.

எறிதலுக்கு வருகிறேன். வீட்டு பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 127 அடிக்குச் சற்று மேல். பந்து கையுறையில் பட்ட கணத்திலிருந்து இரண்டாம் பேஸில் பிடிபடும் கணம்வரை உள்ள நேரத்தைப் பாப் டைம் என்கிறோம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகின் சராசரியே சுமார் 2 விநாடி. பள்ளியில் 2.1-க்குள் எறிந்தால் நல்ல கேட்சர். பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து வந்து சேர 1.3 விநாடி ஆனால் மொத்தம் 3.4, ஓடுகிறவனுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவே. பிட்சர் காலைத் தூக்கி மெதுவாக 1.6 எடுத்தால் எவ்வளவு நல்ல கேட்சரும் காப்பாற்ற முடியாது. ஆனாலும் ஸ்டீல் கொடுத்த எண்ணிக்கை கேட்சர் பெயரில்தான் விழும். நல்ல கை என்று தெரிந்ததும் எதிரணி ஓடுவதையே நிறுத்திவிடும். யாரும் ஓடாததால் அவுட்டாக்கிய எண்ணிக்கையும் குறையும். "இவ்வளவு பேரைத்தான் பிடித்தானா?" என்பார்கள் கூட்டத்தில்.

"கோச்சுகளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்ற கேள்வி வரும். அவர்களுக்குத் தெரியும். எங்கள் டிஸ்ட்ரிக்டில் செவ்வாயும் வெள்ளியும் ஒரே எதிரணியுடன் இரண்டு ஆட்டம். எதிரணியின் தலைமைக் கோச் பெரும்பாலும் மூன்றாம் பேஸ் பக்கம் நின்று தன் ஆட்களுக்குச் சைகை கொடுப்பவர். நம் கேட்சர் இன்னிங்ஸுக்கு முன் இரண்டாம் பேஸுக்கு எறிந்து காட்டியதைப் பார்த்து, 'ஓடாதே' என்று தன் பையன்களை நிறுத்தி வைத்தவர்களே இவர்கள்தான். களத்தில் அவனுக்குப் பயந்தார்கள், ஓட்டுப் போடும்போது மறந்துவிட்டார்கள். மறதி என்றுதான் சொல்கிறேன், சதி என்று சொல்லவில்லை. கூட்டத்தில் கையில் இருப்பது எண்கள் அச்சிட்ட தாள். தாளில் இல்லாதது மனதிலிருந்தும் போய்விடுகிறது.

"எந்தப் பந்து போடுவதென்று சொல்வதே இப்போது கோச்தானே, கேட்சர் என்ன யோசிக்கிறான்?" இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. மணிக்கட்டு அட்டையில் எண் பார்த்து ஆடுவது பழைய வழக்கம். 2024-லிருந்து கோச் கேட்சருடன் பேச ஒருவழிக் கருவிக்கும் விதியில் இடமிருக்கிறது. ஆனால் எந்தப் பந்து என்று காதில் சொல்லலாம், அது மண்ணில் விழுந்தால் யார் விழுவது?

"அவன் நம்ம ஊர்ப் பையன்கூட இல்லையே, உனக்கேன் இந்தக் கொதிப்பு?" என்று நம்மவர் ஒருவரே கேட்டார். இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"பிட்சர்தான் ஆட்டத்தை ஜெயிக்கிறான்" என்பவர்களுக்கு ஒன்று. 2018-ல் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி 9 தோல்வியோடு, மேஜர் லீகில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், ஈ.ஆர்.ஏ. 1.70. வெற்றி தோல்வி எண் பிட்சரின் தரத்தைக் காட்டாது என்று மேஜர் லீகுக்கு ஓட்டுப் போடுகிறவர்களே ஏற்றுக்கொண்டு வருடங்களாகிவிட்டன. மேஜர் லீக் கேட்சர் யாடியர் மொலினாவின் வாழ்நாள் பேட்டிங் ஆவரேஜ் .277, சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருது ஒன்பது. அவரை நம் டிஸ்ட்ரிக்ட் கூட்டத்தில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேதனையாக இருக்கிறது.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 சீசனிலிருந்து எல்லா மாநிலச் சங்கங்களும் பிட்சருக்குப் பந்து எண்ணிக்கை வரம்பு வைக்க வேண்டும் என்று பள்ளி விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பு விதித்தது. டெக்சாஸில் ஒரு நாளுக்கு 110. 86 அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள் ஓய்வு. செவ்வாய் 90 போட்டவன் வெள்ளிக்கிழமை போட முடியாது. நல்ல விதி, பையன்களின் முழங்கையைக் காப்பாற்றும் விதி. ஆனால் செவ்வாய்க்கு ஒரு பிட்சர், வெள்ளிக்கு வேறொரு பிட்சர், இரண்டு நாளும் அதே கேட்சர். வரும் ஒவ்வொரு பந்தையும் அவன் திருப்பி எறிய வேண்டும், இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் வார்ம்-அப் பந்துகளையும் சேர்த்து. அந்த எறிதல்களுக்கு வரம்பும் இல்லை, எண்ணுவாரும் இல்லை. டெக்சாஸ் மே மாத மாலையில் கவசத்துக்குள் ஏழு இன்னிங்ஸ் உட்கார்ந்து எழுந்தவனின் நான்காவது அட்-பேட்டையும், நிழலில் நின்ற பையனின் நான்காவது அட்-பேட்டையும் ஒரே தராசில் போட்டு ஆவரேஜ் பார்க்கிறோம்.

"விருது வெறும் தாள், காலேஜ் கோச்சுகள் வீடியோவும் பாப் டைமும்தான் பார்ப்பார்கள்." உண்மைதான். நம் பையனுக்கு அதனால் வாசல் அடைந்துவிடாது. ஆனால் பட்டியலைப் படிப்பது காலேஜ் கோச்சுகள் மட்டுமா? பள்ளியின் இளைய அணியான ஜூனியர் வார்சிட்டியில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களும் படிக்கிறார்கள். கவசம் மாட்டுகிறவனுக்கு மட்டையைப் பொறுத்துத்தான் மரியாதை என்று அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த வருடம் "யார் கேட்ச் பண்ணுவீங்க?" என்று கேட்டால் எத்தனை கை உயரும்? கேட்சர் இல்லாத அணியில் எந்தப் பிட்சர் ஆஃப் தி இயர் வருவான்?

கூட்டத்தில் நம் கோச் அவனுக்காகப் பேசினாரா, எவ்வளவு பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. கையில் என்ன தாள் இருந்தது என்பதுதான் என் கவலை. அதனால் அடுத்த சீசனில் ஸ்கோர்புக்கின் வலது ஓரத்தில் கேட்சருக்கென்று மூன்று பத்திகள் கோடு போட்டு வைக்கிறேன். பேஸில் ஆள் இருக்கும்போது மண்ணில் விழுந்த பந்துகள் எத்தனை, அதில் நிறுத்தியவை எத்தனை, கேட்ச் செய்த இன்னிங்ஸ் எத்தனை. எதிரணி ஸ்டீலுக்கு முயன்ற எண்ணிக்கை ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது, அதை இன்னிங்ஸால் வகுத்தால் யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்று தெரிந்துவிடும். மற்ற பள்ளிகளில் புத்தகம் எழுதும் நம்மவர்கள் இதைப் படித்தால் நீங்களும் அதே மூன்று பத்திகளைப் போடுங்கள். பேஸ் காலியாக இருக்கும்போது விழுந்ததை எண்ண வேண்டாம், கணக்கு கலந்துவிடும். மே மாதக் கடைசியில் எல்லாத் தாள்களையும் சேர்த்து கோச்சுகளிடம் கொடுப்போம்.