சாக்கடையை நீட்டுவது சுத்திகரிப்பு ஆகாது

காந்தி ஜெயந்தி அன்று எங்கள் ஊர் கிராம சபையில் நடந்ததைப் பற்றி மூன்று நாட்களாகப் பலரும் கேட்டுவிட்டீர்கள். மனம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன், ஆறவில்லை.

தெருக் கால்வாயை ஏரி வரை சிமெண்டில் நீட்டுவது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஏரிக்கு முன்னால் கழிவுநீரை வடிகட்டும் படுகை வேண்டும் என்று நாங்கள் கொடுத்த மனு வாசிக்கப்படவே இல்லை. எழுந்து கேட்டபோது, "பாத்திரம் கழுவின தண்ணிதானே, ஏரிக்குப் போனா என்ன?" என்றார் ஒருவர். அத்தோடு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அது பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும் அல்ல. மேட்டுத் தெரு முனையில் குனிந்து பார்த்தால், செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதை வெளியேற்றும் பிவிசி குழாய்கள் கால்வாய்க்குள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். நான் எண்ணியவை பதினொன்று. உறிஞ்சு குழி தோண்ட இடமில்லாத வீடுகள் அவை. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று மண் கால்வாயில் பெரும்பகுதி பாதி வழியிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடும் அந்தத் தண்ணீர், நாளை சிமெண்டில் ஒரு சொட்டும் குறையாமல் ஏரிக்குப் போய்ச் சேரும். அந்த ஏரிக்குள்தான் ஊருக்குக் குடிநீர் ஏற்றும் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. கால்வாய் தண்ணீரைக் கொண்டுபோகும், சுத்தம் செய்யாது.

கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் இப்போதே கருஞ்சேறும் சோப்பு நுரையும் ஆகாயத்தாமரையும்தான். போன வாரம் பெரியம்மா ஓட்டி வந்த பசு அங்கே முகர்ந்து பார்த்துவிட்டு, வாய் வைக்காமல் திரும்பி நடந்தது.

பணம் இல்லை என்கிறார்கள். தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், ஐயாயிரம் பேர் வரை உள்ள ஊர்களின் கழிவுநீர்ப் பணிக்கு ஆளுக்கு 280 ரூபாய் வரை ஒதுக்க வழி வகுக்கப்பட்டது. எங்கள் ஊரின் 1,200 பேருக்கு 3,36,000 ரூபாய் ஆகிறது. வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் அழுக்காகித் திரும்பும் என்பதால், தினமும் ஏறத்தாழ 50,000 லிட்டர் கழிவுநீருக்கு நாம் வழி சொல்லியாக வேண்டும். குழாய் வந்த நாளில் மாலை போட்டுக் கொண்டாடியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

நாங்கள் கேட்டது பெரிய ஆலை அல்ல. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்க ஒரு தொட்டி, அதன் பின் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை. ஜல்லியிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். மின்சாரம் வேண்டாம். தண்ணீர் ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே ஓடுவதால், கொசு பெருகும் என்ற பேச்சுக்கும் இடமில்லை. யார் பராமரிப்பது என்ற கேள்வி மட்டும் நியாயமானது. தொட்டியில் சேரும் மண்ணை அவ்வப்போது அள்ளாவிட்டால் படுகை அடைத்துக்கொள்ளும், அதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. அதற்காகக் கட்டாமலே விட்டுவிடுவதா?

தோல் தொழிற்சாலைகளைக் கேட்காமல் ஏழை ஊரைக் கேட்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். வாணியம்பாடி பக்கம் அத்தை வீட்டுக் கிணற்றில் தோல் கழிவு கலந்து பழுப்புத் தண்ணீர் வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். விடுமுறைக்குப் போனால், "கண்ணு, அதுல வாய் கொப்பளிக்காதே" என்று தவலைத் தண்ணீரை எடுத்துத் தருவார் அத்தை. அந்தக் கழிவும் ஒரு கால்வாய் வழியாகத்தான் பாலாற்றுக்குப் போனது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கெட்ட நிலத்தடி நீரை மீட்பது அவ்வளவு கடினம் என்று தெரிந்த மாவட்டத்துக்காரர்களே, "ஏரிக்குப் போனா என்ன?" என்று கேட்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேலூரில் குடியிருக்கிறவருக்கு இங்கே என்ன பேச்சு?" என்றும் சொன்னார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகப் போனவன் நான். என் அம்மா இன்றும் அந்த ஏரிக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். இதைச் சொன்ன அண்ணன் என்னோடு அதே ஏரியில் நீச்சல் பழகியவர். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

நவம்பர் 1 அன்று அடுத்த கிராம சபை. மனுவைப் புதிதாக எழுதி, குழாய்களின் படங்களையும் இணைத்திருக்கிறேன். ஞாயிறு காலை அம்மா வீட்டுத் திண்ணையில் இருப்பேன். கையெழுத்துப் போட வாருங்கள்.