திரை தேய்ப்பவன் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக் காணொளியை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. நடந்ததை முழுதாக மறுபடி எழுதப்போவதில்லை. மேடையில் பேசியவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: அச்சுப் புத்தகம்தான் நிரந்தரம், அதன் வாசனைக்கு ஈடில்லை, கைபேசியிலும் கருவியிலும் மின்நூல் படிப்பவர்கள் மட்டம். அறிவியல் புனைகதை வாசகர்களில் 'புத்தகம் படிப்பவர்கள்', 'திரை தேய்ப்பவர்கள்' என்று இரண்டு சாதி உண்டாம். அரங்கம் கைதட்டியது. தட்டாத கைகளெல்லாம் கைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

சண்டைதான் போட வேண்டுமென்றால் உருப்படியான ஒன்றைப் பற்றிப் போடலாம். காசு கொடுத்து வாங்கிய கதையின் கோப்பு உங்கள் கையில் இருக்கிறதா, கடைக்காரர் கையில் இருக்கிறதா? எனக்கு இந்த ஒரு கேள்வி போதும். காகிதமா திரையா என்பது அதற்கப்புறம்.

அந்த 'வாசனை' சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1926-ல் அமேசிங் ஸ்டோரிஸ் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் வந்த நாளிலிருந்து இந்த வகை எழுத்து வளர்ந்ததே மட்டமான மரக்கூழ்க் காகிதத்தில்தான். அதில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும். மை ஊறாமல் இருக்கப் போடும் படிகாரம் ஈரத்தில் அமிலமாகி இழையை அறுக்கும். இந்தச் சிதைவில் கிளம்பும் ஆவிகளில் ஒன்று வெனிலா மணம் தரும் வனிலின். மூக்கை வைத்து இழுக்கிறீர்களே, அது புத்தகம் செத்துக்கொண்டிருக்கும் வாசனை ஐயா.

காணொளியில் உயர்த்திக் காட்டினார்களே ஒரு பைண்டு வால்யூம், அதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதை. புரட்டும்போது மூலையிலிருந்து பழுப்புப் பொடி மேசைமேல் கொட்டுகிறது. தையல் உள்ளே தள்ளிப் போட்டதில் ஒவ்வொரு வரியின் ஓரத்து எழுத்தும் முதுகுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. விரித்துப் படித்தால் முதுகு உடையும், விரிக்காவிட்டால் படிக்க முடியாது. இதைத்தான் 'நிரந்தரம்' என்றார்கள்.

உடனே ஒருவர் வருவார்: "அமேசானின் கிண்டில் கருவியில் இருப்பது மட்டும் நிரந்தரமா?" இல்லை. அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2009 ஜூலையில் அமேசான் தன் வாடிக்கையாளர்களின் கருவிகளிலிருந்து விற்ற புத்தகத்தைத் தானே அழித்தது. எந்தப் புத்தகம்? அரசு பழைய பதிவுகளை அழித்தெழுதும் கதையான, ஆர்வெல்லின் '1984' நாவல். விற்பனைக்கு ஏற்றியவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் ஒரு மாணவர் எடுத்து வைத்திருந்த குறிப்புகளுக்கு ஒட்டிக்கொள்ளப் பக்கமே இல்லாமல் போனது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவை எல்லாம் மறைந்தன, அங்கேயும் பணம் மட்டும் திரும்பியது. 2023-ல் கிண்டிலின் இதழ்ச் சந்தா நின்றபோது கிளார்க்ஸ்வேர்ல்ட் போன்ற அறிவியல் புனைகதை இதழ்களுக்கு நல்ல அடி. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஆக, கோப்பு கையில் இல்லாதவர் வாங்கியவர் இல்லை, வாடகைக்கு இருப்பவர்.

ஆனால் இதற்கு மருந்து கண்டுபிடித்தவர்களும் நம் ஆட்கள்தான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அமெரிக்க அறிவியல் புனைகதைப் பதிப்பகமான பேன் 1999-லேயே, நகலெடுக்கவிடாமல் தடுக்கும் டிஆர்எம் பூட்டு இல்லாமல் மின்நூல் விற்கத் தொடங்கியது. டோர் பதிப்பகம் 2012-ல் பூட்டைக் கழற்றியது. ஹ்யூகோ என்ற அறிவியல் புனைகதை விருதுக்கு வாக்களிப்பவர்களுக்கு மின்நூல் பொதி அனுப்பும் வழக்கத்தை 2006-ல் எழுத்தாளர் ஜான் ஸ்கால்சி தொடங்கிவைத்தார். மின்நூல் என்றாலே எரிந்து விழுந்த எழுத்தாளர் ரே பிராட்பரிகூட 2011-ல் தன் 'ஃபாரன்ஹீட் 451' நாவலை மின்நூலாக்க ஒப்புக்கொண்டார். பொது நூலகங்கள் இரவல் கொடுக்க முடிய வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான். இந்த வரலாறு தெரியாமல் மேடையேறி எங்களுக்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள்.

"கண் கெட்டுவிடும்." கைபேசியையும் மின்மை (இ-இங்க்) வாசிப்பானையும் ஒன்றாக நினைப்பவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? மின்மைத் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலே வந்து நிற்கும், அறை வெளிச்சத்தில் படிக்கிறோம். முன்விளக்கைப் பூஜ்யத்தில் வைத்தால் காகிதம் மாதிரிதான். என் பெரியப்பா அந்தக் காலத்து ஆங்கிலப் பாக்கெட் பதிப்புகளைப் பொடி எழுத்தில் படித்தே வளர்ந்தவர். இப்போது எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு திரைக்கு பத்து வரி என்று வாசிக்கிறார். அவரும் திரை தேய்ப்பவர்தான், இல்லையா? கைதட்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன்.

"திருட்டு பிடிஎஃப் பெருகும்." டெலிகிராமில் சுற்றும் தமிழ் பிடிஎஃப்களைத் திறந்து பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தவை, சிலதில் கட்டைவிரல்கூட விழுந்திருக்கிறது. மின்நூலை நண்பருக்கு இரவல் கொடுக்க முடியாது என்பது நியாயமான புகார், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, உருப்படியாகக் கொஞ்சம். பூட்டில்லாத ஈபப் (மின்நூல் கோப்பு வடிவம்) வாங்குங்கள். ஈபப் என்பது வெறும் ஸிப் பொதிதான்: கோப்புப் பெயரின் பின்னொட்டை .zip என்று மாற்றித் திறந்தால் அத்தியாயங்கள், படங்கள், எழுத்துரு எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். எந்தக் கம்பெனி போனாலும் அதைத் திறக்க முடியும். மின்நூல்களை அடுக்கிவைக்கும் காலிபர் மென்பொருளில் சேர்த்து, மூன்று பிரதி வையுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே. காலிபர் நூலகத்தை நேரடியாக மேகக் (கிளவுட்) கோப்புறையில் வைத்தால் ஒத்திசைவு நடுவில் தரவுத்தளம் கெடலாம், நகலை மட்டும் ஏற்றுங்கள். பிடிஎஃப்பை 6 அங்குலத் திரையில் பிதுக்கிப் படித்துவிட்டு மின்நூலையே திட்டாதீர்கள், கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற மென்பொருளைப் போட்டு வரிகளை மடக்கிக்கொள்ளுங்கள். தமிழுக்கு, வரியின் இரண்டு ஓரத்தையும் நேராக்கும் இருபுறச் சீரமைப்பை அணைத்துவிடுங்கள். நம் சொற்கள் நீளம், வரிக்கு நடுவே ஓட்டை விழும்.

தமிழ்ப் பதிப்பாளர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. பழைய எழுத்துருவில் தட்டியதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிட்டு மெய்ப்பே பார்க்காமல் ஏற்றுகிறீர்கள். 'கௌதம்' என்பதை கெ, ள என்று இரண்டாக அடித்து 'கெளதம்' ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் பாத்திரமே கிடைக்காது. இதற்கும் காசு வாங்குகிறீர்கள்.

இதையெல்லாம்விட வலிப்பது வேறு. வார, மாத இதழ்களில் வந்து தொகுப்பே ஆகாத அறிவியல் கதைகள் பரணில் பொடியாகிக்கொண்டிருக்கின்றன. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, ஆகவே வாரிசுகளிடம் எழுதி வாங்குங்கள். அது நடக்கிறபோது நடக்கட்டும், உங்கள் பிரதியைப் படமெடுத்து வைக்க இன்றே உட்காரலாம். பைண்டு வால்யூமைத் தட்டை ஸ்கேனரில் அழுத்தாதீர்கள், முதுகு போய்விடும். பாதி மட்டும் விரித்து மேலிருந்து கேமராவில் எடுங்கள். பின்பக்க எழுத்து தெரியாமலிருக்கத் தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை. படத்தின் நுணுக்கம் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையக் கூடாது. சாம்பல் நிறத்திலேயே சேமியுங்கள். முழுக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றினால் மங்கிய மெய்யெழுத்துப் புள்ளிகள் முதலில் காணாமல் போகும், பிறகு படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) 'க்' எல்லாவற்றையும் 'க' என்று படிக்கும்.