பீலி போடவா விடவா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. குளியலறைக்கு என்ன ரைல்ஸ், கேற்றுக்கு என்ன நிறம், மதிலுக்கு மேலே என்ன பூ வேலை என்று மாதக் கணக்கில் யோசிக்கிறோம். ஐப்பசி பிறந்தால் கூரையில் விழுகிற அவ்வளவு மழையும் எங்கே போகும் என்று ஒரு நாள்கூட யாரும் யோசிப்பதில்லை. படம் கீறியவர் கேட்கவில்லை, மேசன் கேட்கவில்லை, ஓடு போட்டவர் கேட்கவில்லை. குடிபூரலும் முடிந்து முதல் மாரியும் வந்த பிறகுதான் வீட்டுக்காரர் வாசலில் நின்று, கூரை விளிம்பில் மழைத் தண்ணீரை ஏந்திக் கீழே இறக்கும் பீலி போடுவதா விடுவதா என்று முழிக்கிறார்.

கோண்டாவில் பக்கத்துச் செம்மண்ணில் பீலி இல்லாத வீடு ஒரு மாரிக்குள் என்ன ஆகும் என்று வந்து பாருங்கள். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் வீட்டைச் சுற்றி நூல் பிடித்ததுபோல ஒரு பள்ளம். அதிலிருந்து தெறிக்கிற சேறு முழங்கால் உயரத்துக்குச் சுவரில் ஏறிச் சிவப்பாய் ஊறிவிடும். எத்தனை தரம் தேய்த்தாலும் போகாது. அடுத்த வருடம் அந்த இடத்துப் பெயின்ற் பொருக்குப் பொருக்காய்க் கழரும், பிறகு பூச்சுக் கழரும். அத்திவாரத்தை ஒட்டிப் போட்ட மண் கரைந்து கல் வெளியே தெரியும். எங்கள் வீட்டில் குசினிப் பக்கச் சுவரில் இதெல்லாம் வரிசையாக நடந்துவிட்டது. உள்பக்கம் கையை வைத்தால் ஈரம்.

சரி, பீலி போடுவோம் என்று நாலு பேரிடம் கேட்டால் அதைவிடப் பெரிய கொடுமை. வீடு கட்டிய மேசனிடம் கேட்டேன். "அக்கா, பீலியெல்லாம் வீண் செலவு. வேப்பமிலை அடைச்சு நுளம்பு பெருகும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுவார்" என்றார். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா, "பீலி இல்லாத வீடும் ஒரு வீடே, பிள்ளை?" என்று கேட்டார். விலை கேட்கப் போன கடையில், பிளாஸ்ரிக் பீலி ஆயுளுக்கும் கிடக்கும் என்று சத்தியம் பண்ணினார்கள். மூன்று வருட வெயிலில் பொரிந்து விரல் வைத்தால் உடைகிற பீலி எங்கள் ஒழுங்கையிலேயே தொங்குகிறது. ஒருவராவது கூரையின் நீளம் என்ன, எந்தப் பக்கம் சரிவு, பக்கத்தில் மரம் இருக்கிறதா என்று கேட்டாரா? இல்லை.

நுளம்புக் கதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டெங்கு விளையாட்டில்லை. நுளம்பு பெருகும் இடம் வைத்திருந்தால் தண்டிக்க 2007இலேயே சட்டம் வந்தது, அது வேண்டும். ஆனால் பீலியில் தண்ணீர் ஏன் தேங்குகிறது? ஓடுவதற்காகப் போடுகிற சாமான் அது. பத்து அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம், அதாவது சரிவு, கொடுத்தால் ஓடிவிடும். இங்கே பார்வைக்கு நேராக இருக்கவேண்டும் என்று ஒரே மட்டத்தில் அடிக்கிறார்கள். பீலியைப் பிடித்து வைக்க இரண்டு மூன்று அடிக்கு ஒரு தாங்கி வைக்கவேண்டிய இடத்தில் ஆறு அடிக்கு ஒன்று வைக்கிறார்கள், நடுவில் தொய்ந்து அங்கேதான் குளம் கட்டுகிறது. கீழே இறங்கும் பைப் நாலு அங்குலம் போடவேண்டிய கூரைக்கு இரண்டு அங்குலம் போட்டால் ஒரு கைப்பிடி இலை போதும் அடைக்க. வேலையைப் பிழையாகச் செய்துவிட்டு, நுளம்பு வரும், பீலி போடாதே என்று புத்தி சொல்வது என்ன நியாயம்?

எங்கள் முன்னோர் கட்டிய நாற்சார் வீடுகளைப் பாருங்கள். நாலு பக்கக் கூரையும் நடு முற்றத்துக்குச் சரியும், பீலி இல்லாவிட்டால் தூவானம் விறாந்தையெல்லாம் நனைத்துவிடும். தகர வேலை தெரிந்தவரைக் கொண்டு அளவெடுத்து அடிப்பித்தார்கள். மாரி தொடங்க முதல் ஏணி வைத்து ஏறிச் சருகு அள்ளுவது வீட்டு வேலைகளில் ஒன்றாக இருந்தது. இப்போது கேற் கழுவ நேரம் இருக்கிறது, அதற்கு இல்லை.

இதில் என்னை உண்மையாகவே கொதிக்க வைப்பது தண்ணீர்க் கணக்கு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான். நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழையைத்தான், அதன் கீழேயும் பக்கத்திலும் உப்புத் தண்ணீர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் பத்து மில்லிமீற்றர் மழை விழுந்தால் தொள்ளாயிரம் லீற்றருக்கு மேல். இங்கே வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். பெருக்கிப் பாருங்கள், ஒரு சின்ன வீட்டுக்கு வருடம் கிட்டத்தட்ட ஒரு இலட்சம் லீற்றர்! அதை முற்றமெல்லாம் இன்ரலொக் கல் பதித்து, ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காமல் ஒழுங்கைக்குத் தள்ளிவிடுகிறோம். ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் பிரதேச சபையைத் திட்டுகிறோம். ஆவணியில் கிணறு வற்றினாலோ உவர்த்தாலோ தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் காசு கொடுக்கிறோம். கடல் தண்ணீரை நன்னீராக்க 2024இல் தாளையடியில் ஆலை திறக்கவேண்டிய நிலைமைக்கு வந்த ஊர் இது!

வீட்டுக்கு வீடு சண்டையும் இதனால்தான். காணி துண்டு துண்டாகிவிட்டது, எல்லை மதிலுக்கு ஒட்டக் கூரையை இறக்குகிறார்கள், தண்ணீர் முழுக்க அடுத்த வளவுக்குள். கேட்டால் "மழை பெய்தால் நான் என்ன செய்ய?" என்கிறார்கள். தனி உரிமை இல்லாவிட்டால் உங்கள் கூரைத் தண்ணீரை அடுத்தவர் காணியில் விழுத்த முடியாது. இங்கே நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வழக்குக்கு அலைகிற காசில் இரண்டு வீட்டுக்கும் பீலி போடலாம்.

நான் போடுவதென்று முடிவெடுத்துவிட்டேன். வீடு முழுக்க ஒரே தடவையில் இல்லை. குசினிப் பக்கமும் எல்லைப் பக்கமும் கட்டாயம், வேப்பமரத்துப் பக்கம் வலை அடித்து. முதல் மழையின் ஊத்தையை வெளியே விட ஒரு மூடி, அதன் பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு. தொட்டி நிரம்பினால், கிணற்றிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் தள்ளி வெட்டி, சல்லியும் மணலும் போட்ட குழிக்கு. இதை விளங்கிச் செய்ய ஆள் வேண்டும் என்று சொல்லிக் களைத்துவிட்டேன். ஒருவர் திங்கட்கிழமை வருகிறேன் என்றார், எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை. இன்னொருவர் வீட்டைப் பார்க்காமலே தொலைபேசியில் விலை சொன்னார். வருகிறவர் ரசமட்டத்தோடு வாருங்கள், வாட்டம் பிடித்துக் காட்டுங்கள், தாங்கிக்குத் தாங்கி எத்தனை அடி என்று எழுதித் தாருங்கள், ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றி முழுக்க ஓடுகிறதா என்று என் கண் முன்னால் காட்டுங்கள். அதற்குப் பிறகு மிச்சக் காசு தருகிறேன்.