முடிச்சாச்சாம்!

அந்தப் பதிவை நேற்றே பார்த்திருப்பீர்கள். பெயர் வேண்டாம். "ரெண்டே நாள்ல சிங்கப்பூரை முடிச்சாச்சு. மால் விட்டா மால், வரலாறுன்னு ஒண்ணுமே இல்ல." முடிச்சாச்சாம்! ஊர் என்ன வாழையிலைச் சாப்பாடா, முடித்துவிட்டு இலையை மடக்க?

ஐயா, கிளம்பும்போது உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? என் கேள்வி அவ்வளவுதான்.

கல்வெட்டுப் பைத்தியமா? நேஷனல் மியூசியத்தில் சிங்கப்பூர்க் கல்லின் துண்டு இருக்கிறது. 1843இல் வெடிவைத்துத் தகர்த்த பாறையில் மிஞ்சியது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை, நீங்கள் முயன்று பாருங்கள். நடக்கப் பிடிக்குமா? சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா பள்ளிவாசல், கூப்பிடு தூரத்தில் மாரியம்மன் கோயில். அப்படியே தெலுக் ஆயர் போனால் நாகூர் தர்கா. 1830 வாக்கில் கட்டி முடித்தபோது அதன் வாசலில் கடல்.

என் சித்தப்பா கொத்தனார், புதுக்கோட்டைப் பக்கம். இங்கே வந்தபோது மரீனா பே சாண்ட்ஸ் உச்சிக்கு ஏற்றினோம், செந்தோசா கூட்டிப்போனோம். "நல்லாருக்குப்பா" என்றார், கொட்டாவி விட்டார். நாலாம் நாள் மழைக்கு ஒதுங்கத்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் போனோம். மனிதர் சுவரை உள்ளங்கையால் தடவுகிறார், நகத்தால் தட்டிக் காது வைக்கிறார். "என்ன சாந்துடா இது?" கைப்பேசியில் தேடிப் படித்தேன்: சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பெயரே மெட்ராஸ் சுண்ணாம்பு. "கடுக்காய் போடலையா?" என்றார். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "விலங்கோடயா அரைச்சான்?"

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் அவர் வெளியே வரவில்லை.

"எல்லாரும் கொத்தனாரா?" என்று ஒருவர் வருவார், தெரியும். அதைத்தானே நானும் சொல்கிறேன்! சமையல்காரர் தேக்கா சந்தைக்குப் போகட்டும். "எங்களுக்கு நேரமில்லை" என்பீர்கள். நியாயம், ஒப்புக்கொள்கிறேன். நேரமில்லை என்று எழுதுங்கள், ஒன்றுமில்லை என்று எழுதாதீர்கள். வெயில் என்பவர்களுக்குப் பதில் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்துகொண்டு வெயிலா?

"இருநூறு வருஷமெல்லாம் ஒரு வரலாறா, தஞ்சாவூரைப் பார்" என்று கீழே ஒரு தம்பி சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். பார்த்திருக்கிறேன் தம்பி, மூன்று முறை. நீங்கள் ஃபோர்ட் கேனிங் குன்றில் 14ஆம் நூற்றாண்டுப் பொருள்களைத் தோண்டி எடுத்த இடத்தைப் பார்த்தீர்களா? ஏறினால் பத்து நிமிடம். டிக்கெட்கூட இல்லை.

சரி, இருநூறு என்றே வைத்துக்கொள்வோம். அதில் என் தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியிருக்கிறார். இடது தோள் கடைசிவரை சரிந்தேதான் இருந்தது, சட்டை தைக்கிறவர் அளவெடுக்கத் திணறுவார். ஒண்ணுமே இல்லை என்றால் அவரும் இல்லை என்றுதானே எனக்குக் கேட்கிறது? கோபப்படாமல் எப்படி இருப்பது?

பட்டியல் போடுங்க அண்ணே என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். பட்டியலை வைத்துத்தான் அவரும் ரெண்டு நாளில் முடித்தார். என்ன பிடிக்கும் என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன், கூட வருகிறேன். அதுவும் வேண்டாம் என்றால் சாங்கி ஏர்போர்ட்டைத் தாண்டவே வேண்டாம். அருவிகூட அங்கேயே விழுகிறது.