நட்பு ஆட்டத்துக் கோலுக்குப் புள்ளி கிடையாது

நம்ம எஃப்பிஎல் (பிரீமியர் லீக் வீரர்களை வைத்து டீம் கட்டி, நிஜ மேட்ச்சில் அவர்கள் ஆடுவதற்குப் புள்ளி வாங்கும் ஃபேன்டசி ஆட்டம்) குரூப்பில் நேற்று ராத்திரி நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். சீசனுக்கு முந்தைய ஃப்ரெண்ட்லியில், அதாவது நட்பு ஆட்டத்தில், ரெண்டு கோல் போட்டவரை "எடுக்காதவன் முட்டாள்" என்று ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் போட்டார். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் டீமை மாற்றிவிட்டார்கள். "எத்தனை நிமிஷம் ஆடினார், யாரோட சேர்ந்து ஆடினார்?" என்று கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் ‘எக்செல் மாமா’. இருக்கட்டும், மாமாவே பேசுகிறேன்.

ப்ரீசீசனில் கோலைப் பார்க்காதீர்கள், நிமிஷத்தைப் பாருங்கள். எஃப்பிஎல்லில் 60 நிமிஷம் ஆடினால் 2 புள்ளி. 59-ல் வெளியே வந்தால் 1. டிஃபென்டராக இருந்தால் கிளீன் ஷீட்டுக்கான (டீம் கோல் வாங்காமல் இருப்பதற்கான) 4 புள்ளியும் அந்த ஒரு நிமிஷத்தோடு போச்சு. 2025-26-ல் வந்த தடுப்பாட்டப் புள்ளி இருக்கிறதே, டேக்கிள், கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன் எல்லாம் சேர்த்து டிஃபென்டர் 10 தொட்டால் 2 புள்ளி, அதற்கும் ஆள் களத்தில் நிற்க வேண்டும்.

2022 ஜூலையை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? லைப்சிக்கை லிவர்பூல் 5-0 ஜெயித்த ஃப்ரெண்ட்லியில் அவர்களுடைய புது ஸ்ட்ரைக்கர் டார்வின் நூன்யெஸ் 4 கோல். குரூப்பே ஆடியது. அவர் இறங்கியது இடைவேளைக்கு அப்புறம், முதல் கோல் பெனால்டி என்பதை யார் கவனித்தார்கள்? அப்புறம் மான்செஸ்டர் சிட்டியோடு நடந்த கம்யூனிட்டி ஷீல்டிலும் (சீசனுக்கு முன்னால் நடக்கும் கோப்பை மேட்ச்) பெஞ்சிலிருந்துதான் வந்தார். அதே மேட்ச்சில் சிட்டியின் ஹாலண்ட் முழு 90 நிமிஷமும் ஆடி, காலியான கோலுக்கு முன்னால் பந்தைக் கிராஸ்பாரில் அடித்தார். மீம் போட்டுக் கொன்றார்கள். சரி, அந்த சீசன் முடிவில்? ஹாலண்ட் லீக்கில் 36 கோல், டார்வின் 9.

"டார்வின் முதல் மேட்ச்சிலேயே கோல் போட்டாரே" என்பீர்கள். போட்டார். ஃபுல்ஹாமோடு, அதுவும் பெஞ்சிலிருந்து வந்து. முதல் தடவையாக லீக்கில் ஸ்டார்ட் செய்த அடுத்த மேட்ச்சில் ரெட் கார்டு வாங்கி மூணு மேட்ச் தடை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

"அப்போ ஆர்செனலின் ஜேசுஸ்?" என்பது அடுத்த கேள்வி. அதே கோடையில் செவியாவுக்கு எதிராக ஹாட்ரிக், அப்புறம் லெஸ்டரோடு லீக் மேட்ச்சில் 2 கோல், 2 அசிஸ்ட். நியாயமான கேள்விதான். ஆனால் அவரை எடுக்கச் சொன்னது அந்த ஹாட்ரிக் இல்லை. சாகா, மார்ட்டினெல்லி, ஒடெகார்ட் என்று முதல் வரிசை ஆட்களோடு, நடு ஸ்ட்ரைக்கராக அவரைத்தான் கோச் அர்டெட்டா நிறுத்தினார். சிட்டியில் பல சமயம் ஓரத்தில் ஆடியவர். இடம் மாறியதுதான் செய்தி. கோல் அதன் பின்னால் வந்தது.

ஆகவே பார்ப்பதானால் இப்படிப் பாருங்கள். முதல் இரண்டு ஃப்ரெண்ட்லியை விட்டுவிடலாம். இடைவேளையில் 11 பேரையும் மாற்றுகிற மேட்ச்சில் ஒன்றும் தெரியாது. சீசனுக்கு முந்தைய வாரக்கடைசி மேட்ச்தான் முக்கியம். அதில் யார் ஸ்டார்ட், யார் 70 நிமிஷம் தாண்டினார் என்று பாருங்கள். அடுத்து கார்னர். வழக்கமாக அடிக்கிறவர் களத்தில் இருக்கும்போதே வேறொருவர் கொடி பக்கம் நடந்து போனால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமானவர் பெஞ்சில் இருக்கும்போது யார் அடித்தால் என்ன? பெனால்டிக்கும் இதே கணக்கு.

4.0 டிஃபென்டர், அதாவது மலிவு விலை டிஃபென்டர், ஆசை வேறு. பையன் மூணு ஃப்ரெண்ட்லி ஸ்டார்ட் செய்துவிட்டான் என்று எடுப்பீர்கள். யூரோ, கோப்பா நடந்த கோடையில் சீனியர் ஃபுல்பேக் லீவ் முடிந்து கடைசியில்தான் வருவார், அதனால்தான் பையன் ஆடினான். சீனியர் உடம்பைத் தேற்றிக்கொண்டதும் பையன் பெஞ்ச். உங்கள் பெஞ்சில் அவன், அவன் கிளப் பெஞ்சிலும் அவன். யாருடைய இடத்தில் ஆடுகிறான் என்று பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகுமா?

சரி, என்ன அவசரம் என்றுதான் எனக்குப் புரியவே இல்லை. முதல் கேம்வீக் (ஒரு சுற்று மேட்ச்கள்) டெட்லைன் வரை டிரான்ஸ்ஃபருக்குக் கணக்கே கிடையாது, சீசன் தொடங்கும்வரை விலையும் ஏறாது. ராத்திரி 11 மணிக்கு மாற்றியதால் யாருக்கும் விலையில் 0.1 கூட மிச்சமில்லை. 2023-ல் என்குன்கு செல்சியில் கோல் மேல் கோல் போட்டுக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் ஆரம்பத்தில் சிகாகோவில் டார்ட்மண்டோடு ஆடும்போது முழங்கால் போனது, டிசம்பரில்தான் திரும்பினார். கடைசி நாள் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு நஷ்டமில்லை.

"இவ்வளவு கணக்குப் பார்த்தா விளையாட்டில் என்ன சுவாரசியம்?" இது நேற்று விழுந்த இன்னொரு கமெண்ட். அமெரிக்க டூர் மேட்ச் நம்ம ஊரில் விடியற்காலை. அலாரம் வைத்து எழுந்து முழு மேட்ச்சையும் பார்க்கிறவனுக்கு சுவாரசியம் இல்லை, ரெண்டு நிமிஷ ஹைலைட்ஸ் பார்க்கிறவருக்குத்தான் இருக்கிறது. நல்ல நியாயம். ஹைலைட்ஸில் கோல் மட்டும்தான் வரும். எதிரணியில் பாதிப் பேர் அகாடமிப் பையன்கள் என்பது அதில் வராது. ஸ்கிரீன்ஷாட் போட்ட புண்ணியவான் மூன்றாவது கேம்வீக்கில் அதை அழித்துவிட்டு வைல்ட்கார்டு (டீம் முழுவதையும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு) போடுவார், அப்போது யாரும் அவருக்குப் பட்டப்பெயர் வைக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. டெட்லைன் முதல் மேட்ச்சுக்கு 90 நிமிஷம் முன்னால், ஸ்டார்ட்டிங் லெவன் வருவது 75 நிமிஷம் முன்னால். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு மாற்ற முடியாது. அதனால்தான் நிமிஷம் நிமிஷம் என்று கத்துகிறேன். சனிக்கிழமை கடைசி ஃப்ரெண்ட்லி. கோல் யார் போட்டார் என்று எனக்கு அனுப்ப வேண்டாம், எத்தனையாவது நிமிஷத்தில் யாரை வெளியே எடுத்தார்கள் என்று அனுப்புங்கள்.