ஆக்சோலாட்டல் (பல்லி மாதிரி இருக்குற, தண்ணியிலேயே வாழுற ஒரு வகை சாலமாண்டர்) அனுப்ப பை நிறைய தண்ணி வேணாம்

"பை நிறைய தண்ணி ஊத்தி, வயிறு முட்ட தீனி போட்டு பார்சல் பண்ணுங்க"ன்னு மேல ஒருத்தர் போட்டிருக்கார், ரெண்டுமே தப்புங்க. தண்ணிக்கு ஆக்சிஜன் பைக்குள்ள இருக்குற காத்துலேருந்துதான் வரணும், அதனால மூணுல ஒரு பங்கு தண்ணி போதும், மீதி காத்து. தீனிய ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, இல்லன்னா வழியிலேயே கழிஞ்சு வச்சு அமோனியா ஏறி அந்தத் தண்ணியே விஷமாயிடும். தெர்மாகோல் பெட்டி கண்டிப்பா வேணும், கோடையில ஐஸ் பேக்க பேப்பர்ல சுத்தி பையில படாம வைங்க, 24 டிகிரி தாண்டினாலே பாவம் தவிச்சுப் போயிடும். அப்புறம் அமெரிக்க தபால்ல உயிரோட எதுவுமே அனுப்பக்கூடாதுங்கறதும் கதைதான், தவளை சாலமாண்டர் எல்லாம் போகும், பாம்பும் ஆமையும் போகாது. ஆனா கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலத்துல ஆக்சோலாட்டல் வளர்க்கவே தடை, அட்ரஸ பாத்துட்டு அனுப்புங்க.