பழைய 911-இன் 'குறைகளை'த் திருத்தாதீர்கள்

பழைய போர்ஷே 911 வாங்குகிற பலர் இப்போது செய்கிற முதல் வேலை, அதை மாற்றுவது. பவர் ஸ்டியரிங் பொருத்துகிறார்கள், கியர்பாக்ஸை மாற்றுகிறார்கள், டேஷ்போர்டில் தொடுதிரை வைக்கிறார்கள். சிலர் எஞ்சினையே இறக்கிவிட்டு பேட்டரியும் மின்மோட்டாரும் ஏற்றுகிறார்கள். அவரவர் வண்டி, அவரவர் காசு, சரி. ஆனாலும் இது தவறு என்றுதான் நினைக்கிறேன். 1986-ஆம் வருடத்து 911 ஒன்றை, கரேரா 3.2 என்ற மாடலை, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

இந்த வண்டியில் விசித்திரமாகத் தெரிகிற பெரும்பாலான விஷயங்களுக்குக் காரணம், எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்ட அந்த ஒரே முடிவு. அதுவும் தண்ணீர் இல்லாமல் காற்றாலும் ஆயிலாலும் குளிர்கிற எஞ்சின். 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் காட்டினார்கள். நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்களுக்குத் தங்களுக்கே உரிமை என்று பெஜோ நிறுவனம் சொன்னதால் 911 ஆனது. பெயரை உடனே மாற்றினார்கள். எஞ்சின் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றவே இல்லை.

எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்சக்கரங்களின் மேல் நிற்கிறது. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாயும், பின் டயர்களின் பிடி குறையும், அந்தக் கனமான வால் வெளியே வீசும். 911 ஆளைக் கொல்லும் என்று ஒரு காலத்தில் பேசினார்களே, அதற்குக் காரணம் இதுதான். ஆனால் அதே எடைதான் வளைவை விட்டு வெளியே வரும்போது பின் டயர்களைச் சாலையில் அழுத்திப் பிடித்து வண்டியை முன்னே தள்ளுகிறது. மெதுவாக நுழை, வேகமாக வெளியே வா. இந்த வண்டி கேட்பது அவ்வளவுதான். ஸ்வேபிஷ் ஆல்ப் மலைச் சாலைகளில், ஸ்டியரிங்கை ஒரே சீராகப் பிடித்து ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்திக்கொண்டே வெளியேறும்போது கிடைக்கிற அந்த உந்துதலை வேறெந்த வண்டியிலும் நான் உணர்ந்ததில்லை.

வால் வீசுகிற பிரச்சினை தொழிற்சாலைக்கும் தெரியும். தொடக்ககால வண்டிகளில் முன் பம்பரின் இரு மூலைகளிலும் 11 கிலோ எடைக்கட்டிகளை ஒளித்து வைத்தார்கள். 1969 மாடலில் பின்சக்கரங்களைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். எஞ்சின் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே வண்டியில் ஒரு பேட்டரிக்குப் பதிலாக இரண்டு பேட்டரி வைத்து, முன்பக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்தார்கள். எடைக்கட்டிக்குப் பதிலாக அதே எடையில் பயனுள்ள ஒரு பொருள். எனக்கு இந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும். எடுத்த முடிவைக் கைவிடாமல், அதன் விளைவுகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து தீர்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் 'சரி' செய்த வண்டியையும் அதே நிறுவனம் கட்டியது. 1977-இல் வந்த 928. முன்னால் தண்ணீரில் குளிரும் வி8, எடை இரண்டு பக்கமும் சமமாக, உள்ளே வசதி. அடுத்த வருடத்தின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற பட்டமும் வாங்கியது. 911-ஐ நிறுத்திவிட்டு இதைத் தொடர்வது என்பதுதான் திட்டம். 1981-இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முத் பாட்டின் அறையில் இருந்த வரைபடத்தில் 911-இன் கோடு அந்த வருடத்தோடு முடிவதைப் பார்த்து, பேனாவை எடுத்து அந்தக் கோட்டைத் தாளைத் தாண்டிச் சுவர் வரை இழுத்தாராம். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. 928 1995-இல் நின்றுபோனது. 911 இன்றும் வருகிறது. குறையில்லாத வண்டியைத்தான் மக்கள் விரும்புவார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு வண்டிகளின் கதையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அன்றாடம் ஓட்டுவதில் வரும் விசித்திரங்களும் இதே மாதிரிதான். ஆயில் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கார்களில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்ப்போம். இதில் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி, ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். மொத்தம் 13 லிட்டர் அளவுக்கு ஆயில். அது எஞ்சினுக்கு அடியில் தேங்குவதில்லை, வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் தனித் தொட்டியில் இருக்கிறது. டேஷ்போர்டில் ஆயில் அளவுமானி இருக்கிறது, ஆனால் ஓட்டும்போது அதன் முள் கீழே விழுந்து கிடக்கும். முதல் தடவை ஓட்டுகிற யாருக்கும் நெஞ்சு பதறும். உண்மையில் ஆயில் அப்போது எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. காற்றில் குளிரும் எஞ்சினில் வெப்பத்தைச் சுமக்கும் பெரிய வேலை ஆயிலுக்குத்தான், அதனால்தான் இவ்வளவு ஆயில், இவ்வளவு கவனம்.

ஹீட்டரும் அப்படியே. சூடான தண்ணீர் இல்லாததால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைகள் வழியாகக் காற்றை ஓட்டி உள்ளே அனுப்புகிறார்கள். எஞ்சின் வேகம் கூடக் கூட வெக்கையும் கூடும். எஞ்சினில் எங்கேயாவது ஆயில் கசிந்தால் அந்த வாடையும் சேர்ந்தே வரும். அதைத் தொல்லை என்பவர்கள் உண்டு. எனக்கோ, வண்டி தன் நிலைமையைத் தானே சொல்கிற மாதிரி. கசிவு எதையும் இதுவரை மூக்குதான் எனக்கு முதலில் சொல்லியிருக்கிறது.

பெடல்கள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்து நிற்கும். முன்சக்கரக் கூடு உள்ளே புகுவதால் அவை கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியும் இருக்கும். சாவித்துவாரம் ஸ்டியரிங்கின் இடப்பக்கம். 1969 வரை லெ மான் பந்தயத்தில் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிப்போய் ஏறித்தான் கிளம்புவார்கள், இடது கை சாவியைத் திருப்பும்போதே வலது கை கியர் போட்டுவிடலாம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். டேஷ்போர்டு மானிகளின் நடுவில் இருக்கும் பெரிய வட்டம் ஸ்பீடோமீட்டர் அல்ல, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மானி. கண்ணுக்கு நேராக எது இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தது அதுதான்.

என் வண்டியில் இருப்பது 915 கியர்பாக்ஸ். குளிரில் இரண்டாவது கியரை அவசரப்பட்டுத் தள்ளினால் முரண்டு பிடிக்கும். ஆயில் சூடாகும்வரை பொறுத்து, நியூட்ரலில் ஒரு நொடி தயங்கிப் போட்டால் வழுக்கிக்கொண்டு விழும். 1987 மாடலில் வந்த ஜி50 இதைவிட எளிது, மறுக்கவில்லை. ஆனால் 915-ஐக் கழற்றிவிட்டு ஜி50 போட்டால் வேறு வண்டி ஆகிவிடுகிறது.

பழுதும் இயல்பும் ஒன்றல்ல. 1984-க்கு முந்தைய எஞ்சின்களில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பழுதாகி எஞ்சினையே கெடுத்துவிடக்கூடியது. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பிந்தைய டென்ஷனரை அவற்றில் மாட்டுவது அவசியமான வேலை. நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புது ரப்பர் குழாய் எல்லாம் போடத்தான் வேண்டும். வால்வு இடைவெளியை எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் 0.1 மில்லிமீட்டருக்குச் சரிபார்க்கிற வேலையை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. இவை எல்லாம் வண்டியை அதன் இயல்பில் வைத்திருக்கிற வேலைகள். ஸ்டியரிங்கின் கனத்தை எடுத்துவிடுவது அப்படியல்ல. நிற்கும்போது கையை வலிக்கவைக்கிற அதே ஸ்டியரிங்தான் ஓடும்போது சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் உள்ளங்கைக்குக் கொண்டுவருகிறது. மின்மோட்டார் போட்டவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். எஞ்சினைக் குளிரவைக்கப் பின்னால் சுழலும் அந்த விசிறியின் ஒலி இல்லாத 911-இல் மிச்சம் இருப்பது தகரத்தின் வடிவம் மட்டும்தான்.

ஜெர்மனியில் 30 வருடம் தாண்டிய வண்டி பெருமளவு அசல் நிலையில் இருந்தால் 'எச்' எழுத்துப் போட்ட எண்பலகை கிடைக்கும், வருட வரியும் நிலையானது. அசலை வைத்திருப்பவருக்கு அரசாங்கமே சலுகை தருகிறது. அது எனக்கு நியாயமாகப் படுகிறது.

வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப்புகை வந்தால் பயப்படாதீர்கள், சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருக்கும் இந்த எஞ்சினில் அது வழக்கம். தொடர்ந்து வந்தால் விலகிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்டியரிங்கும் பெடலும் கியரும் உங்களுக்கு எரிச்சலை மட்டுமே தந்தால், அதே நிறுவனத்தின் 944-ஐப் பாருங்கள். முன்னால் எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸ், எடை கிட்டத்தட்டச் சரிபாதி. அருமையான வண்டி, விலையும் குறைவு.